கருவறை ஓசையும் கிறிஸ்டியன் டாப்ளரும்

லேடாங் மலையின் அடிவாரத்தில், ஜொகூர் மாநிலத்தின் வடகோடியில் இருக்கிறது தங்காக் நகரம். அங்குள்ள தாய் சேய் நலக் கிளினிக்கில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. வரிசை எண் அழைக்கப்பட்டதும் கர்ப்பிணி ஒருவர் இளஞ்சிவப்பு நிறப் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே செல்கிறார். தாதி அவருடைய எடையைப் பார்க்கிறார். இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார். அளவு நாடாவால் வயிற்றை அளக்கிறார். பிறகு வயிற்றின்மேல் சிறிது களிம்பைத் தடவி, கைக்கு அடக்கமான கருவி ஒன்றை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்துகிறார். முதலில் காற்று வீசுவது போன்ற இரைச்சல் கேட்கிறது. கருவியைச் சற்றே சாய்த்ததும், குதிரை பாய்ந்தோடும் குளம்பொலியைப் போன்ற விரைவான ஓசை அறையை நிரப்புகிறது.

தாயின் முகம் மலர்கிறது. தாதி கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுகிறார். வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயம் பொதுவாக நிமிடத்திற்கு 110 முதல் 160 முறை வரை துடிக்கும். எண்ணிக்கை அதற்குள் இருந்தால் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அதற்கு வெளியே போனால் தாயை மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

அந்தக் கருவி வேலை செய்யும் முறைக்கு டாப்ளர் முறை என்று பெயர். அது ஒரு மனிதருடைய பெயர். அவர் மருத்துவர் அல்லர். கர்ப்பிணிகளைப் பற்றியோ குழந்தைகளைப் பற்றியோ அவர் எந்த ஆராய்ச்சியும் செய்ததில்லை. அவருடைய சிந்தனை முழுவதும் வானத்து விண்மீன்களைப் பற்றியது. அந்தச் சிந்தனையிலும் ஒரு பாதி தவறாகவே முடிந்தது.

கிறிஸ்டியன் டாப்ளர் 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். இசைமேதை மோசார்ட்டின் குடும்பம் ஒரு காலத்தில் குடியிருந்த வீடும் டாப்ளர் பிறந்த வீடும் ஒரே சதுக்கத்தில் உள்ளன. டாப்ளரின் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சுத் தொழில் செய்தவர்கள். தந்தையும் அத்தொழிலில் தேர்ந்தவர். குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளை உளியையும் சுத்தியலையும் எடுப்பதுதான் வழக்கம். ஆனால், கிறிஸ்டியன் நோஞ்சானாக வளர்ந்தார். கல் தூக்கும் வலிமை அவருக்கு இல்லை. கல்தூசி அவருடைய நுரையீரலுக்கு ஆகாது என்பதும் பெற்றோருக்குப் புரிந்தது.

மகனை என்ன செய்வது என்று தந்தை யோசித்தார். அவ்வூரில் கணிதம் கற்பித்துவந்த சைமன் ஸ்டாம்பர் என்ற பேராசிரியரிடம் ஆலோசனை கேட்டார். பையனின் கணித ஆற்றலைக் கண்ட ஸ்டாம்பர், அவனை வியன்னாவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கும்படி கூறினார். தொழிலை விட்டுக்கொடுக்க மனம் வராத தந்தையாக இருந்திருந்தால், அந்த ஆலோசனை அன்றே காற்றில் போயிருக்கும். அவர் அனுப்பிவைத்தார். 1822ஆம் ஆண்டு டாப்ளர் வியன்னாவின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்தார். இடையில் ஊர் திரும்பி, விட்டுப்போன பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு, மீண்டும் வியன்னாவுக்குச் சென்று பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் பயின்றார். 1829ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டுகள் பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளராகப் பணியாற்றினார்.

அந்த உதவியாளர் பணி ஒரு காலவரைக்கு உட்பட்டது. காலம் முடிந்ததும் அவர் தெருவில் நின்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. வேலைக்கு மேல் வேலையாக விண்ணப்பித்தார். அக்காலத்தில் அங்கே ஆசிரியர் பணிக்கும் போட்டித் தேர்வு எழுத வேண்டும்; முடிவு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பருத்தி நூற்பாலையில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சுத்தூசி நிறைந்த ஆலை அது. நுரையீரல் வலுவற்ற ஒருவருக்கு அது ஏற்ற இடமா என்று நாம் இன்று கேட்கலாம். அன்று அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. துணிக்கடைகளுக்குப் பெயர்போன தங்காக்கில் இந்தக் கதையைப் படிப்பவர்கள், ஓர் அறிவியல் மேதை நூல் கணக்கு எழுதிய ஒன்றரை ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1835ஆம் ஆண்டில் அவர் நம்பிக்கை இழந்தார். அமெரிக்காவுக்குக் குடியேறிவிடுவது என்று முடிவு செய்து, தம்முடைய உடைமைகளை விற்றார். மூனிக் நகருக்குச் சென்று அமெரிக்கத் தூதரையும் சந்தித்தார். கப்பலேற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் பிராக் நகரிலிருந்து கடிதம் வந்தது. அங்குள்ள ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. அவர் பயணத்தைக் கைவிட்டார். மறு ஆண்டு, சால்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவரின் மகளான மத்தில்டாவை மணந்தார். அவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள்.

பிராக் நகரில் அவர் பள்ளியிலிருந்து தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு உயர்ந்தார். 1841ஆம் ஆண்டு முழுநிலைப் பேராசிரியரானார். ஆயினும், வேலைப்பளு அவரை நசுக்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு அவர் ஒருவரே பாடம் நடத்த வேண்டும். ஒவ்வொருவரையும் வாய்மொழியாகத் தேர்வு செய்யவும் வேண்டும். அவர் மிகக் கடுமையாகத் தேர்வு நடத்துகிறார் என்று மாணவர்கள் புகார் செய்தார்கள். மேலிடமும் அவரைக் கண்டித்தது. உடல்நலம் கெட்டு நீண்ட விடுப்பில் செல்லும் நிலையும் அவருக்கு வந்தது.

இத்தனைக்கும் நடுவில்தான், 1842ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், பிராக் நகரின் அறிவியல் சங்கக் கூட்டம் ஒன்றில் அவர் தம் கட்டுரையைப் படித்தார். இரட்டை விண்மீன்களின் நிற ஒளி பற்றியது அந்தக் கட்டுரை. கேட்க வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டுரையின் சாரம் எளிமையானது. மூவார் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு படகு நிற்பதாக வைத்துக்கொள்வோம். கடலிலிருந்து அலைகள் ஒரே சீராக வந்து படகில் மோதுகின்றன. இப்போது படகோட்டி அலைகளை எதிர்த்துப் படகைச் செலுத்துகிறார். ஒரு நிமிடத்தில் படகில் மோதும் அலைகளின் எண்ணிக்கை கூடும். அவரே திரும்பிக் கரையை நோக்கி வந்தால், அலைகள் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். மோதும் எண்ணிக்கை குறையும். கடல் மாறவில்லை, அலையும் மாறவில்லை. படகு நகர்ந்ததுதான் மாற்றம். டாப்ளரும் தம் கட்டுரையில் கப்பலையும் அலையையும்தான் எடுத்துக்காட்டினார். அதே கணக்கு ஒலிக்கும் பொருந்தும், ஒளிக்கும் பொருந்தும் என்பது அவருடைய வாதம்.

ஒலியில் இதை நாம் அன்றாடம் கேட்கிறோம். தங்காக்கின் பெரிய சாலையில் அவசர மருத்துவ ஊர்தி ஒன்று சங்கொலி எழுப்பியபடி விரைகிறது. அது நம்மை நெருங்கும்போது சங்கொலி சற்றுக் கீச்சென்று ஒலிக்கிறது. கடந்து சென்ற மறுகணமே தொனி தணிந்துவிடுகிறது. சங்கொலியின் அதிர்வெண் வினாடிக்கு 700 என்றும், ஊர்தியின் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்றும் கொண்டால், அது நம்மை நோக்கி வரும்போது ஏறத்தாழ 744 அதிர்வுகள் நம் காதை எட்டும். விலகிச் செல்லும்போது ஏறத்தாழ 661 அதிர்வுகளே எட்டும். ஊர்தியில் அமர்ந்திருப்பவருக்கோ எப்போதும் 700தான். இந்த வேறுபாட்டிலிருந்து, ஊர்தியைக் கண்ணால் பாராமலேயே அது வருகிறதா போகிறதா என்பதையும், எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் அசைவை அளக்க வழி பிறந்தது இங்கேதான்.

டாப்ளர் இதை விண்மீன்களின் நிறத்துக்குப் பொருத்தினார். எல்லா விண்மீன்களும் இயல்பில் வெண்மையானவை என்றும், நம்மை நோக்கி வருபவை நீலமாகவும் விலகிச் செல்பவை சிவப்பாகவும் தோன்றுகின்றன என்றும் அவர் கருதினார். இது பிழை. விண்மீனின் நிறம் பெரும்பாலும் அதன் வெப்பத்தைப் பொறுத்தது. மேலும், ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் விண்மீன்களின் வேகம் மிகச் சிறியது. அதனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறம் மாறாது. அடிப்படை விதி சரி, எடுத்துக்காட்டு தவறு. அறிவியல் வரலாற்றில் இது அரிதான நிகழ்ச்சி அன்று. ஆனாலும், டாப்ளர் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பைஸ் பாலட் என்ற இளம் அறிவியலாளர், டாப்ளரின் கூற்று தவறு என்று கருதினார். சொல்லால் மறுப்பதைவிடச் சோதித்துப் பார்த்துவிடுவதே மேல் என்று துணிந்தார். அக்காலத்தில் மனிதனுக்குக் கிடைத்த மிக வேகமான வாகனம் புகைவண்டி. 1845ஆம் ஆண்டு உட்ரெக்ட் நகருக்கு அருகே, திறந்த பெட்டி ஒன்றில் ஊதுகொம்புக் கலைஞர்களை ஏற்றி, ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரத்தில் சுரஞானம் மிக்க இசைக்கலைஞர்களை நிறுத்தி, அவர்கள் காதில் விழும் சுரத்தைக் குறிக்கச் சொன்னார். பிப்ரவரி மாதத்தில் செய்த முதல் முயற்சி மோசமான வானிலையால் கெட்டது. ஜூன் மாதத்தில் மீண்டும் செய்தார்கள். வண்டி நெருங்கும்போது சுரம் உயர்ந்தது, விலகும்போது தாழ்ந்தது. மறுக்க வந்தவரே டாப்ளரின் விதி ஒலிக்குப் பொருந்தும் என்று மெய்ப்பித்துவிட்டார். விண்மீன் நிறம் பற்றிய பகுதியை அவர் ஏற்கவில்லை. அதிலும் அவர் பக்கமே நியாயம் இருந்தது.

டாப்ளர் பிராக் நகரை விட்டு, இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள சுரங்கக் கல்விக் கழகம் ஒன்றுக்குச் சென்றார். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் குழப்பங்களுக்குப் பிறகு வியன்னாவுக்குத் திரும்பினார். 1850ஆம் ஆண்டு, வியன்னாப் பல்கலைக்கழகத்தில் புதிதாக அமைக்கப்பட்ட இயற்பியல் கழகத்தின் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அக்கழகத்தில் அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கிரகோர் மெண்டல். பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடித்தளமிட்ட அதே மெண்டல்தான்.

உயர்ந்த பதவி கிடைத்தும் நிம்மதி கிடைக்கவில்லை. 1852ஆம் ஆண்டு, அவருடைய சக பேராசிரியரான பெட்ஸ்வால், அறிவியல் பேரவையில் அவரை எதிர்த்து எழுந்தார். புகைப்படக் கருவிக்குச் சிறந்த வில்லையை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் அவர். இயற்கையின் பெரிய உண்மைகளைச் சிக்கலான சமன்பாடுகளால்தான் நிறுவ முடியும் என்பது அவர் கொள்கை. டாப்ளரின் விதியோ சில வரிகளில் அடங்கிவிடுகிறது. அவ்வளவு எளிமையான ஒன்றில் பெரிய உண்மை இருக்க முடியாது என்று அவர் வாதிட்டார். அவர் காட்டிய கணக்கும் சரியானதுதான். ஆனால், அது வேறொரு நிலைமைக்குரிய கணக்கு. பேரவையில் இருந்த பலருக்கு அந்த வேறுபாடு புலப்படவில்லை. டாப்ளர் பதில் சொல்லிப் பார்த்தார். அதற்குள் அவருடைய நுரையீரல் முற்றிலும் கெட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம், மிதமான தட்பவெப்பத்தை நாடி அவர் வெனிஸ் நகருக்குச் சென்றார். நோய் தணியவில்லை. 1853ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் மனைவி அருகிலிருக்க அவர் காலமானார். வயது நாற்பத்தொன்பது. வெனிஸ் நகரின் கல்லறைத் தீவில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின், எர்னஸ்ட் மாக் என்ற இளைஞர் சுழலும் ஊதல் ஒன்றை அமைத்து, டாப்ளரின் விதியை வியன்னாவிலேயே செய்துகாட்டினார். 1868ஆம் ஆண்டு ஹக்கின்ஸ் என்ற ஆங்கில வானியலாளர், விண்மீன் ஒளியின் நிறமாலையில் உள்ள கோடுகள் இடம்பெயர்வதைக் கொண்டு விண்மீனின் வேகத்தை அளக்க முயன்றார். நிறத்தைக் கொண்டு அளக்க முடியாததைக் கோட்டைக் கொண்டு அளக்கலாம் என்பது தெரிந்தது. டாப்ளரின் கனவு வேறு வழியில் நிறைவேறியது.

இனிக் கருவறைக்கு வருவோம். டாப்ளர் மாணவராக இருந்த காலத்திலேயே, பாரிஸ் நகரில் கெர்கராதெக் என்ற மருத்துவர் கர்ப்பிணியின் வயிற்றில் இதயத்துடிப்பு மானியை வைத்துக் கேட்டார். பனிக்குட நீரின் சலசலப்பு கேட்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கேட்டதோ கைக்கடிகாரத்தின் டிக்டிக் ஒலியைப் போன்ற ஓசை. அது குழந்தையின் இதயம் என்பதை உணர்ந்து, 1821ஆம் ஆண்டு மருத்துவப் பேரவைக்கு அவர் அறிவித்தார். அத்துடிப்பின் மாற்றத்தைக் கொண்டு குழந்தையின் நலத்தை அறிய முடியுமா என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். 1895ஆம் ஆண்டளவில் பினார் என்ற பிரெஞ்சு மருத்துவர், புனல் போன்ற ஊதுகுழல் வடிவக் கருவியை உருவாக்கினார். தாதியர் அதன் ஒரு முனையை வயிற்றிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். மின்சாரம் தேவைப்படாத அக்கருவி இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆனால், அதில் கேட்பவர் ஒருவர்தான். தாய்க்கு ஒன்றும் கேட்காது. பழகிய காதுக்கும்கூடக் கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குப் பிறகே ஓசை பிடிபடும்.

1950களில் ஜப்பானின் ஒசாகா நகரில் சதோமுரா என்ற ஆய்வாளர், மீயொலியை உடலுக்குள் செலுத்தி, துடிக்கும் இதயத்திலிருந்து திரும்பும் எதிரொலியில் டாப்ளர் மாற்றத்தைக் கண்டார். 1964ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் அதே முறையில் கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கிளினிக்கில் கேட்கும் குளம்பொலி, குழந்தையின் இதயம் எழுப்பும் ஒலி அன்று. கருவி அனுப்புவது மீயொலி. அதன் அதிர்வெண் வினாடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம். மனிதக் காதுக்கு அது எட்டாது. அது இதயத்தின் சுவரிலும் வால்வுகளிலும் பட்டுத் திரும்புகிறது. அவை வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் கருவியை நோக்கி நகர்ந்தால், திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 260 கூடிவிடும். கருவி, அனுப்பியதையும் திரும்பியதையும் ஒப்பிட்டு, அந்த வேறுபாட்டை மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. வினாடிக்கு 260 அதிர்வுகள் என்பது நாம் பாடும் குரலின் எல்லைக்குள் வரும் ஒலி. ஆக, நாம் கேட்பது அசைவின் ஒலி வடிவம். உடலுக்குள் நகரும் ஒன்றின் வேகம், நற்பேறாக நம் காதுக்கு ஏற்ற அளவில் அமைந்துவிட்டது.

துடிப்பைக் கேட்பதோடு மருத்துவர்கள் நின்றுவிடவில்லை. 1977ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரம் என்ற இருவர், தொப்புள்கொடியில் ஓடும் இரத்தத்தின் வேகத்தை டாப்ளர் முறையால் கண்டறிந்தார்கள். அதன் பயன் பெரிது. குழந்தையின் இதயம் சுருங்கும்போது இரத்தம் தொப்புள்கொடி வழியாக நச்சுக்கொடிக்குப் பாய்கிறது. நச்சுக்கொடி நலமாக இருந்தால், அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையிலும் இரத்தம் நிற்காமல் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். நச்சுக்கொடியின் இரத்தக்குழாய்கள் குறுகிவிட்டால், அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவதைப் போல, துடிப்புகளுக்கு இடையிலான ஓட்டம் குறையும், பிறகு நின்றுபோகும், நிலைமை முற்றினால் பின்னோக்கியும் திரும்பும். துடிப்பின் எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே இந்த மாற்றம் தொடங்கிவிடலாம். கருவியில் குளம்பொலியை மட்டும் கேட்பவருக்கு அது தெரியாது.

இதயமே களைத்துவிட்டதா என்பதை அறியவும் வழி உண்டு. தொப்புள்கொடியிலிருந்து வரும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்லும் சிறு குழாய் ஒன்று குழந்தையின் கல்லீரல் பகுதியில் இருக்கிறது. இதயத்தின் மேலறை சுருங்கும் கணத்திலும் அதில் இரத்தம் முன்னோக்கியே செல்ல வேண்டும். அந்தக் கணத்தில் அது பின்னோக்கித் தள்ளப்பட்டால், இதயம் தன் வேலையைச் செய்யத் திணறுகிறது என்று பொருள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயில் ஓட்டம் அளவுக்கு மீறி விரைவாக இருந்தால், குழந்தைக்கு இரத்தச்சோகை இருக்கலாம். இரத்தம் நீர்த்துப்போனால் அது வேகமாக ஓடும். முன்பெல்லாம் இதை அறியக் கருவறைக்குள் ஊசி செலுத்த வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு, பெரும்பாலும் டாப்ளர் அளவீடே முதலில் வழிகாட்டுகிறது.

இந்த அளவீடுகள் ஏன் தேவை? வளர்ச்சி குன்றிய குழந்தை கருவறையில் ஒவ்வொரு வாரமும் தங்குவது அதன் நுரையீரலுக்கும் மூளைக்கும் நல்லது. ஆனால், நச்சுக்கொடி பழுதாகியிருந்தால் அதே ஒரு வாரம் அதன் உயிரைக் குடித்துவிடலாம். முன்கூட்டியே பிரசவிக்கச் செய்தால் குறைமாதத் துன்பம். காத்திருந்தால் இழக்கும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் நின்று நாளைக் குறிக்க வேண்டியவர் மருத்துவர். உயர் இரத்த அழுத்தம் உள்ள தாய்மார்களிடமும், குழந்தையின் வளர்ச்சி குறைந்தவர்களிடமும் தொப்புள்கொடி அளவீட்டைப் பயன்படுத்தியபோது குழந்தை இறப்புகள் குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. எந்தச் சிக்கலும் இல்லாத தாய்மார்கள் அனைவருக்கும் இதைச் செய்வதால் அத்தகைய பயன் தென்படவில்லை என்பதையும் அதே ஆய்வுகள் காட்டின.

மருத்துவமனைத் திரையில் இரத்த ஓட்டம் சிவப்பாகவும் நீலமாகவும் தெரியும். கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்குச் சிவப்பு, விலகிச் செல்வதற்கு நீலம் என்பது வழக்கம். டாப்ளர் விண்மீன்களுக்குச் சொன்னது இதற்கு நேர்மாறானது. அவர் இன்று வந்து பார்த்தால், முதலில் அந்த நிறங்களைத்தான் திருத்தச் சொல்வார் போலும்!

பிரசவ வலி தொடங்கியதும் தாயின் வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டப்படுவதுண்டு. ஒன்று டாப்ளர் முறையில் குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து வரைகிறது; மற்றது கருப்பையின் சுருக்கத்தை வரைகிறது. சுருக்கத்தின்போது துடிப்பு எப்படித் தாழ்கிறது, எவ்வளவு விரைவில் மீள்கிறது என்பதைப் படிப்பது தனிக்கலை. அந்தக் கலையை உலகெங்கும் மருத்துவர்களுக்குக் கற்பித்தவர்களுள் முன்னணியில் இருப்பவர் இலங்கைத் தமிழரான சபாரத்தினம் அருள்குமரன். நமக்கு அண்டையில் உள்ள சிங்கப்பூரில் அவர் பல ஆண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். பின்னர் இலண்டன் சென்றார். 2007 முதல் 2010 வரை பிரிட்டனின் அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரிக்குத் தலைவராகவும், அதன்பின் பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்புக்குத் தலைவராகவும் விளங்கினார். கருவி வரைந்து தரும் கோட்டைத் தவறாகப் படித்தால், தேவையற்ற அறுவைச் சிகிச்சையும் நேரும். தேவையான சிகிச்சை தாமதப்படவும் நேரும். ஆதலால், கருவியை வாங்குவதைவிட அதைப் படிக்கப் பயிற்றுவிப்பது பெரிய வேலையாக இருந்துவருகிறது.

தங்காக் கிளினிக்கில் உள்ள சிறிய கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த நேரத்தில் இதயம் துடிக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நாளை என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. ஆகையால், இளஞ்சிவப்புப் புத்தகத்தில் குழந்தையின் அசைவைக் குறிக்கும் அட்டவணையைத் தாதி திறந்து காட்டுகிறார். காலையிலிருந்து பத்து அசைவுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும்படி தாயிடம் சொல்கிறார். அசைவு குறைந்துவிட்டதாகத் தோன்றினால், இன்று ஓசை நன்றாகக் கேட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறார். பிறகு கருவியின் முனையில் ஒட்டியிருந்த களிம்பைத் துடைத்துவிட்டு, அடுத்த வரிசை எண்ணை அழைக்கிறார்.